பதிமூன்றுக்குப் பிறகு ஒன்று

யார் வந்தாலும் முகத்தை அவர் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் கால். ஷூ கடையில் குழந்தைகள் பிரிவில் காலையிலிருந்து கடை மூடும் வரை முட்டி போட்டுப் பிழைக்கிறவர் கண்ணில் வேறு எது முதலில் படும்? கடையில் அவருக்கு 'அளவுக்காரர்' என்றுதான் பெயர். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பிள்ளை உள்ளே வரும்போதே அதற்கு என்ன நம்பர், எந்தப் பக்கம் தேய்த்து நடக்கிறது, போன தடவை அதன் அம்மா 'வளர்ற பிள்ளை' என்று எவ்வளவு பெரிதாக வாங்கித் தொலைத்தாள் என்பதெல்லாம் சொல்லிவிடுவார்.

அதனால் அன்றைக்கு மகளின் பள்ளிக்கூடத்தில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையை இடிக்க உட்கார்ந்திருந்தபோது, எதிரே இரண்டு ஜோடிக் கால்களைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமை ஆசிரியையின் ஷூ கறுப்பு, பளபளப்பு, அளவும் கச்சிதம். வகுப்பு டீச்சருடையது அவர் காலுக்கு ஒரு நம்பர் சின்னது. பின்பக்கம் நசுங்கி மடிந்து கிடந்தது. உட்கார்ந்த அடுத்த நொடியே குதிகாலை வெளியே எடுத்துவிட்டார். நாள் பூரா நின்றுகொண்டே பாடம் எடுக்கிற பெண், பாவம், எப்படித்தான் தாங்குகிறாளோ என்று நினைத்துக்கொண்டிருந்தவரின் காதில் தலைமை ஆசிரியை சொன்னது மெதுவாகத்தான் ஏறியது.

"உங்க பொண்ணுக்கு நம்பர் படிக்கத் தெரியுது, எழுதத் தெரியுது. ஆனா எது பெரிசு, எது சின்னதுன்னு கேட்டா தலைகீழா சொல்றா. வரிசையா எழுதச் சொன்னா இஷ்டத்துக்கு எழுதறா. இப்படியே மேல அனுப்பினா கூட்டல் கழித்தல்ல திணறிப் போயிடுவா. இன்னொரு வருஷம் இதே வகுப்புல இருக்கட்டும்னு நினைக்கிறேன்."

அவர் மகளை வீட்டில் எல்லோரும் 'மிளகு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் சின்னது, காரம் ஜாஸ்தி. இரண்டாம் வகுப்பு மாடியில் இருந்தது. அந்த மாடிப்படியில் ஏற வேண்டும் என்பதுதான் அந்த வருஷம் முழுக்க மிளகின் ஒரே ஆசை. மாடி ஜன்னலில் இருந்து பார்த்தால் பஸ் ஸ்டாண்டே தெரியுமாம். அவளுடைய உயிர்த்தோழிகள் எல்லோரும் மேலே போய்விட, இவள் மட்டும் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்க வேண்டும் என்றால்?

"மேடம்," என்றார் டீச்சர். அதுவரை வாயே திறக்காதவர். "இந்தப் பருவம் முடியற வரைக்கும் பார்க்கலாமே. எனக்கு ஒரு விஷயம் இடிக்குது. குருட்டாம்போக்கா எழுதற பிள்ளைன்னா அப்பப்ப ஒண்ணு ரெண்டு சரியா வந்துடும். இவளுக்குச் சில கேள்வி எப்பவும் சரி, சில கேள்வி எப்பவும் தப்பு. ஏன்னு எனக்குப் பிடிபடல."

தலைமை ஆசிரியை பெருமூச்சு விட்டார். "சரி, பருவக் கடைசில நானே அவளைக் கேட்டுப் பார்க்கறேன். அப்பவும் வரலைன்னா என்னைத் தப்பா நினைக்கக் கூடாது."

அளவுக்காரர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். வந்த பிறகுதான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாருக்கு நம்பர் தெரியாது? என் பொண்ணுக்கா?

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மத்தியான ஷிப்ட். அதனால் பள்ளி விட்டதும் மிளகு நேராக அப்பாவின் கடைக்குத்தான் வருவாள். மாடியில் ஸ்டாக் ரூம். கூரை வரைக்கும் பெட்டிகள், தோல் வாசனை, அட்டை வாசனை, ஒரு மங்கல் டியூப்லைட். பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டிவிட்டு வாங்காமல் போன ஜோடிகள் எல்லாம் மூலையில் மலையாகக் குவிந்திருக்கும். அதைப் பெட்டி நம்பர் பார்த்து, அலமாரியில் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்குவது அவளுக்கு விளையாட்டு. நாலு வயதிலிருந்து செய்கிறாள். வேலைக்குச் சேர்ந்த புதுப் பையன்கள் முழிக்கிற இடத்தில் இவள் முழிக்க மாட்டாள். முதலாளியே ஒருநாள் பார்த்துவிட்டு, "இவளுக்குச் சம்பளம் போட்டா உன்னை வீட்டுக்கு அனுப்பிடலாம்யா," என்று சிரித்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் வேண்டுமென்றே அலமாரியைக் கலைத்துப் போட்டார்.

"மிளகு, இதைச் சின்னதுலேர்ந்து பெரிசு வரைக்கும் அடுக்கு பார்ப்போம்."

"நீயாப்பா கலைச்சே? வேலை இல்லையா உனக்கு?" என்று இடுப்பில் கை வைத்து ஒரு முறை முறைத்துவிட்டு, மளமளவென்று அடுக்கினாள். ஒரு பெட்டிகூட இடம் மாறவில்லை. அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ராத்திரி மனைவியிடம் பொரிந்து தள்ளினார். "குறை பிள்ளைகிட்ட இல்ல. அந்த டீச்சருக்குத்தான் சொல்லிக்குடுக்கத் தெரியல."

"அந்த டீச்சர்தானே நமக்காகப் பேசினாங்கன்னு சொன்னீங்க?"

"பேசினாங்க. அது வேற."

"என்ன வேற? உங்களுக்கு யார் மேலயாவது பாயணும். பக்கத்துல கிடைச்சவங்க அந்தம்மா." கால் வலியோடு கட்டிலில் சாய்ந்தவள், கொஞ்சம் கழித்து மெதுவாகக் கேட்டாள். "நிஜமா அவளை மேல அனுப்ப மாட்டாங்களா?"

மறுநாளிலிருந்து பயிற்சியை இரட்டிப்பாக்கினார். தினம் அலமாரி கலைந்தது, தினம் மிளகு அடுக்கினாள். "சூப்பர்டா கண்ணு" என்று தினமும் தோளில் தட்டிக் கொடுத்தார். ஆனால் பள்ளியிலிருந்து வந்த தாள்களில் சிவப்புப் பேனா முன்பைவிடத் தாராளமாகத்தான் விளையாடியிருந்தது. இது என்ன கூத்து என்று அவருக்குத் தலை சுற்றியது. கடையில் சிங்கமாக இருக்கிற பிள்ளை வகுப்பில் ஏன் சொதப்புகிறாள்? பயமா? டீச்சர் மிரட்டுகிறாரா?

ஒருநாள் பொறுக்க முடியாமல், பழைய காலிப் பெட்டிகளை ஒரு நம்பருக்கு ஒன்றாகப் பொறுக்கி, கயிறு போட்டுக் கட்டி, பள்ளி விடுகிற நேரத்துக்குப் போய் நின்றார். பஸ்ஸில் ஏறும்போதே கண்டக்டர், "கடையையே பெயர்த்துட்டு எங்க சார் போறீங்க?" என்று கேட்டார். 'நியாயம் கேட்க' என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டார்.

வகுப்பில் பிள்ளைகள் எல்லாம் போயிருந்தார்கள். டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மிளகு முதல் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அளவுக்காரர் பெட்டிக்கட்டைத் தரையில் இறக்கினார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. என் பொண்ணுக்கு வரிசைப்படுத்தத் தெரியாதுன்னு சொல்றீங்க. நீங்களே உங்க கண்ணால பாருங்க." கயிற்றை அவிழ்த்துப் பெட்டிகளைக் கலைத்துப் போட்டார். "மிளகு, ஆரம்பிடி தங்கம். சின்னது முதல்ல."

மிளகு குதித்து இறங்கினாள். தரையில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனாள். ஆறு. ஏழு. எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு. பதிமூன்று. அவர் டீச்சரைப் பார்த்து, எப்படி என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். மிளகு கொஞ்சமும் தயங்காமல் பதிமூன்றுக்குப் பக்கத்தில் அடுத்த பெட்டியை வைத்தாள்.

ஒன்று.

அப்புறம் இரண்டு, மூன்று, நான்கு. கடைசியாக ஐந்தை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். "முடிஞ்சுது. அஞ்சுதான் எல்லாத்தையும் விடப் பெரிசு."

டீச்சர் வரிசையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். அளவுக்காரர் உயர்த்திய புருவத்தை இறக்க மறந்து நின்றார்.

குழந்தைகளின் ஷூ நம்பர் பதிமூன்றோடு முடியும். அதற்கு மேல் கால் வளர்ந்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பதினெட்டு வருஷமாக அவர் அப்படித்தான் அடுக்கினார், விற்றார், அப்படித்தான் மூச்சு விட்டார். மூக்கு நுனி கண்ணுக்குத் தெரியாத மாதிரி, அதில் ஒரு விசித்திரம் இருப்பதே அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. பிள்ளைக்கு நம்பர் சொல்லிக் கொடுக்கிறேன் பேர்வழி என்று சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து, அந்தத் தப்பை ஆணி அடித்த மாதிரி இறக்கியதும் அவரேதான். அந்த நொடியில் அவருக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

"ஐயோ," என்றார். அவ்வளவுதான் வந்தது.

டீச்சர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். சிரித்திருந்தால் நியாயம்தான். டீச்சர் சிரிக்கவில்லை. நசுங்கிய ஷூவைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு மிளகின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஏன் ஒண்ணு பதிமூணை விடப் பெரிசு?"

"என்ன மிஸ் இது! பதிமூணு சின்னப் பசங்களுக்கு. ஒண்ணு அக்காங்களுக்கு. நான் பதினொண்ணு. இன்னும் கொஞ்சம் வளர்ந்தா ஒண்ணு ஆயிடுவேன்."

"அடடா," என்றார் டீச்சர். அந்த அடடாவில் கேலியே இல்லை. பெரிய பூட்டு ஒன்று திறந்த சத்தம்தான் இருந்தது. "இத்தனை நாளா நான் உன்னைத் தப்பு தப்புன்னு சொன்னேனே, ஒருநாளாவது ஏன்னு கேட்டேனாடா? ஸாரி."

பிறகு அவர் பக்கம் திரும்பினார். "சார், உங்க பொண்ணுக்கு வரிசை நல்லாவே தெரியுது. என் வகுப்புல இவ்வளவு உறுதியா யாரும் அடுக்க மாட்டாங்க. வேற வரிசைல நிக்கிறா, அவ்வளவுதான். நீங்க இந்தப் பெட்டியத் தூக்கிட்டு வரலைன்னா எனக்குப் புரிஞ்சே இருக்காது."

சண்டைக்கு வந்தவருக்கு அந்த வார்த்தை போதும். கண் கலங்கிவிட்டது. கயிற்றைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

"இப்ப எண்ணு பார்க்கலாம்," என்று டீச்சர் மிளகிடம் சொன்னார். "எத்தனை பெட்டி இருக்கு?"

மிளகு முதல் பெட்டியில் விரலை வைத்தாள். "ஒண்ணு." உடனே நின்றாள். "மிஸ், இதுல ஆறுன்னு போட்டிருக்கு."

"அது இருக்கட்டும். நீ பாட்டுக்கு எண்ணு."

எண்ணினாள். பாதி தாண்டி ஒரு பெட்டியைத் தொட்டு "ஒன்பது" என்றபோது மறுபடி நின்றாள். பெட்டியில் ஒன்று என்று இருந்தது. விரலை எடுக்காமல் பெட்டியையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ ஏமாற்று வேலை நடக்கிறது என்ற சந்தேகம் அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கடைசிப் பெட்டியில் ஐந்து. அவள் வாய் சொன்னது பதிமூன்று.

"பெட்டி மேல இருக்கிறது கால் அளவுக்கு வச்ச பேரு," என்றார் டீச்சர். "உன் வாயில வந்தது, எத்தனைன்னு சொல்ற நம்பர். இப்ப பாரு." ஒன்று என்று போட்ட பெட்டியைத் தனியாக வைத்துவிட்டு, மீதி எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னார். அடுக்கு மிளகின் தலையைத் தொட்டது. "இங்க பன்னிரண்டு பெட்டி. அங்க ஒண்ணு. எது அதிகம்?"

"ஐயே, இதுகூடவா தெரியாது?" அடுக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கட்டிப்பிடித்தபடியே எதையோ யோசித்தாள். "அப்போ, எண்ணும்போது பன்னிரண்டு பெரிசு. கடையில ஒண்ணு பெரிசு."

"அதேதான்."

"அப்படின்னா முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அப்பாவைப் பார்த்து.

தெரிந்துவிட்டது என்பதற்காகப் பழக்கம் உடனே போய்விடுமா? போகவில்லை. இரண்டு நாள் சரியாகச் சொல்வாள், மூன்றாம் நாள் பதிமூன்றுக்கு அப்புறம் ஒன்று என்று வழுக்குவாள். டீச்சர் சலிக்கவில்லை. பெட்டிகளை வகுப்பிலேயே வைத்துக்கொண்டு வகுப்பு முழுவதற்கும் அதையே பாடமாக்கிவிட்டார். பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடுக்கினார்கள். எந்த அடுக்கு உயரம், இன்னும் எத்தனை வைத்தால் சமமாகும் என்று சண்டை போட்டார்கள். கடையில் அளவுக்காரர் தன் பங்குக்குப் பதினான்கு, பதினைந்து, பதினாறு என்று பெட்டிகளை எண்ணவைத்தார். நடுவில் திடீரென்று கேட்பார்.

"பதிமூணுக்கு அப்புறம்?"

"எங்க?"

"எண்ணும்போது."

"பதினாலு."

"கடையில?"

"ஒண்ணு. அப்பா, கஸ்டமர் நிக்கிறாங்க, போய்ப் பாரு."

தலைமை ஆசிரியை கேள்வி கேட்கும் நாள் வந்தது. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் லீவு வாங்கி, அளவுக்காரர் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றார். மனைவி இரவு முழுக்கத் தூங்காத கண்ணோடு பக்கத்தில் நின்றாள். "நீங்க எட்டிப் பார்க்காதீங்க, பிள்ளை பயந்துடும்," என்று சொல்லிவிட்டு அவள்தான் எட்டிப் பார்த்தாள்.

தலைமை ஆசிரியை பலகையில் நான்கு எண்களை எழுதினார். பன்னிரண்டு, மூன்று, ஒன்பது, ஐந்து. "சின்னதுலேர்ந்து பெரிசு வரைக்கும் எழுது."

மிளகு சாக்பீஸை வாங்கிக்கொண்டாள். எழுதவில்லை. ஒரு காலை இன்னொரு கால் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே அளவுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். ஒரு சைகைகூடக் காட்டவில்லை.

"மேடம்," என்றாள் மிளகு, "இது ஷூ நம்பரா, எண்ணுற நம்பரா?"

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டும் வேறயா?"

"ஆமா மேடம். எது வேணும்னு சொன்னாத்தானே எழுத முடியும்?"

"ரெண்டையும் எழுதேன், பார்ப்போம்."

மிளகு எழுதினாள். மூன்று, ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு. அதற்குக் கீழே ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, ஐந்து. கீழ் வரிசைக்குப் பக்கத்தில் பூசணிக்காய் மாதிரி ஒன்றை வரைந்து நாடா போட்டாள். "இது எங்க கடை," என்று விளக்கினாள்.

தலைமை ஆசிரியை பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் சுருக்கமாக விஷயத்தைச் சொன்னார். கேட்கக் கேட்க அந்தக் கண்டிப்பான முகம் இளகி, கடைசியில் வாய்விட்டே சிரித்துவிட்டது. "போதும்மா. இவ மாடிக்குப் போகட்டும்."

மிளகு அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. மாடிப்படியில் தடதடவென்று காலடி கேட்டது. இன்றைக்கே போகச் சொன்னதாக நினைத்துவிட்டாள். அவளைப் பிடித்துக்கொண்டு வர அம்மா பின்னாலேயே ஓடினாள். ஓடும்போது அவள் அழுதாளா சிரித்தாளா என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

அளவுக்காரர் டீச்சர் முன்னால் போய் நின்றார். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. "ரொம்ப நன்றி டீச்சர்," என்றார். கடை வாசலில் நாள் பூரா சொல்லித் தேய்ந்துபோன வார்த்தை. வேறு நல்ல வார்த்தையாகத் தேடினார், கிடைக்கவில்லை. அதையே இன்னொரு தடவை சொன்னார். "உங்க மேல கோவப்பட்டேன். என் பிள்ளைக்காக நீங்க பேசினப்பகூட கோவப்பட்டேன். நீங்க ஒருத்தர் பொறுத்துப் பார்க்கலைன்னா அவ தன்னை மக்குன்னே நினைச்சுட்டு வளர்ந்திருப்பா. ஒரு தடவை கடைக்கு வாங்க. வந்தே ஆகணும்."

ஒரு விடுமுறை நாளில் டீச்சர் வந்தார். வாசலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சும்மா எல்லாம் வாங்கிக்க மாட்டேன். காசு குடுத்துத்தான் வாங்குவேன்."

"தாராளமா குடுங்க. அளவு மட்டும் நான் பார்க்கறேன்." குழந்தைகள் பிரிவை விட்டுவிட்டுப் பெண்கள் பிரிவுக்கு வந்து, டீச்சரை உட்காரவைத்து, எதிரே முட்டி போட்டார். ஆயிரம் பேருக்கு முன்னால் போட்ட முட்டிதான். அன்றைக்கு அதில் ஒரு மனநிறைவு இருந்தது.

"எனக்கு எப்பவும் அஞ்சுதான் சார். காலேஜ் நாள்லேர்ந்து அஞ்சு."

அவர் அளவுப் பலகையில் காலை வைத்துப் பார்த்தார். எழுந்து நிற்கச் சொல்லி, முழுப் பாரமும் காலில் இறங்கியபின் மறுபடி பார்த்தார். முதல் நாளே அவர் கண் சொன்னதுதான். ஆனால் ஒரு பெண்ணிடம் உன் கால் நீ நினைப்பதைவிடப் பெரிது என்று எப்படிச் சொல்வது? தொழிலில் அது ஒன்றுதான் அவருக்கு இன்னும் கைவராத வித்தை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு இருக்கும்போதே மிளகு இரண்டு பெட்டிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"மிஸ், உங்களுக்கு ஆறு. பலகைல எட்டிப் பார்த்தேன்."

"ஆறு பெரிசா இருக்காதா?"

மிளகு டீச்சரை ரொம்பப் பரிதாபமாகப் பார்த்தாள். இரண்டு பெட்டியையும் தரையில் வைத்து, ஐந்தை இடப்பக்கமும் ஆறை வலப்பக்கமும் தள்ளினாள்.

"பெரிசுதான் மிஸ். எண்ணினாலும் சரி, ஷூவா இருந்தாலும் சரி, அஞ்சை விட ஆறு பெரிசு. சின்னப் பசங்க அலமாரில மட்டும்தான் ஆறு சின்னது. இது பெரியவங்க ஷூ." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "பயப்படாதீங்க. முதல்ல எனக்கும் குழப்பமாத்தான் இருந்துச்சு."

டீச்சர் ஆறைப் போட்டுக்கொண்டார். அளவுக்காரர் நாடாவைக் கட்டிவிட்டார். டீச்சர் கண்ணாடி வரை நடந்தார், திரும்பினார், கதவு வரை நடந்தார். வழக்கமாக அளவுக்காரர் அந்த நேரத்தில் கட்டைவிரல் முட்டுகிறதா, குதிகால் வழுக்குகிறதா என்று காலையே பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்.

"வலிக்கவே இல்ல சார்," என்றார் டீச்சர்.